குழந்தைக்கு லிம்போமா, கையில் பெட் ஸ்கேன் ரிப்போர்ட்: ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்சி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்குப் பதினோரு வயதில் கழுத்தில் நெறிக்கட்டி வந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று, அதாவது நெறிக்கட்டிகளில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், பிளஸ் டூவும் முடித்துவிட்டாள். விஷயம் தெருவில் பரவி, காப்பீட்டுக்கு ரிப்போர்ட் நகல் எடுக்க வரும் பெற்றோர் காகிதத்தை மெஷினில் வைக்கும் முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "அண்ணா, இதுல இன்னா போட்டிருக்கு?"

கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் எழுதி வைத்தேன். மகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். உங்கள் பிள்ளையின் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. அவர் கையில் முழு ஃபைல் இருக்கிறது, என் கையில் வருவது ஒரு பக்கம்தான்.

சிடி எடுத்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, சதையும் எடுத்தாச்சு. இப்போ பெட் ஸ்கேன்னு ஒண்ணு எதுக்குணா?

சிடி ஸ்கேன் வடிவத்தைக் காட்டும். கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர் என்பது அதில் தெரியும். அந்தக் கட்டிக்குள் நோய் உயிரோடு இருக்கிறதா, செத்து வெறும் தழும்பாகக் கிடக்கிறதா என்று சிடியால் சொல்ல முடியாது. அதைப் பார்க்கத்தான் பெட்.

குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோர்த்து நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். அதன் பெயர் எஃப்டிஜி. லிம்போமா செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம், இதையும் சர்க்கரை என்று நம்பி அள்ளிக்கொள்ளும். ஆனால் சாதாரணச் சர்க்கரையைப் போல அதை எரித்துத் தீர்க்க முடியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து வரும் கதிரை வைத்து மெஷின் படம் போடுகிறது. கூடவே சிடியும் எடுத்துப் படத்தின் மேல் படம் வைத்துப் பார்ப்பார்கள்.

படத்துல தலை முழுக்க எரியுதே, மூளைக்கும் போயிடுச்சா?

இல்லை. மூளை எந்நேரமும் சர்க்கரையில் ஓடும் உறுப்பு, எல்லோருக்கும் அப்படித்தான் மின்னும். இதயமும் மின்னலாம். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீரகம், சிறுநீர்ப்பை இரண்டும் பளிச்சென்று இருக்கும். குழந்தைகளுக்குத் தொண்டைச் சதையும் மின்னுவது சகஜம். படத்தை விட்டுவிட்டு, ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருக்கும் நாலு வரியைப் படியுங்கள்.

எத்தனை தடவை எடுப்பாங்க?

ஹாட்ஜ்கின் என்றால் பொதுவாக, கீமோ தொடங்கும் முன் ஒன்று, இரண்டு சைக்கிள் (கீமோவின் சுற்று) முடிந்ததும் ஒன்று. பிறகு தேவையைப் பொறுத்து எல்லாம் முடிந்தபின் ஒன்று. முதல் ஸ்கேனை 'பேஸ்லைன்' என்பார்கள். நோய் எங்கெங்கே இருக்கிறது, எந்த ஸ்டேஜ் என்று அதில்தான் முடிவாகும். அடுத்து வரும் ஸ்கேன்களை அதோடு ஒப்பிட்டுத்தான் படிப்பார்கள். "அவசரம், கீமோ ஆரம்பிச்சுடலாம், பெட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாமாகக் கேட்கக் கூடாது. மூச்சுக்குழாயைக் கட்டி அழுத்துவது போன்ற நிஜமான அவசரம் என்றால் அந்த முடிவை டாக்டரே எடுப்பார்.

காலையில ஒரு வாய் டீ கூடக் குடுக்கக் கூடாதா? பசியில அழுவுறான்.

குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். (மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் தண்ணீருக்கும் தடை, அந்த நேரத்தை மயக்க டாக்டர் சொல்வார்.) சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சுரந்தால் எஃப்டிஜி தசைகளுக்குள் ஓடிவிடும், கட்டிக்குப் போக வேண்டியது குறைந்துவிடும். படம் மங்கலாக வந்து, நோய் குறைந்துவிட்டது போல ஏமாற்றவும் கூடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. இரண்டாவது ஸ்கேன் அன்று என் அம்மா, பேத்தி வாடிப்போயிருக்கிறாளே என்று இரண்டு பிஸ்கட்டை ஆட்டோவிலேயே கொடுத்துவிட்டார். சென்டரில் நர்ஸ் கேட்டதும் என் மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றைய ஸ்கேன் ரத்து. கோபம் வந்தாலும், அவள் சொன்னதுதான் நல்லது. பொய் சொல்லி எடுத்திருந்தால் ஒரு தப்பான படத்தை நம்பி மருந்தை மாற்றியிருப்பார்கள்.

பிஸ்கட் மட்டுமல்ல. இனிப்பான இருமல் சிரப், சூயிங்கம், கையில் ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் டிரிப் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். முதல் நாள் ராத்திரி சோறு, இட்லியைக் குறைத்து முட்டை, மீன், கோழி என்று கொடுக்கச் சொல்வார்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது பெரிய கஷ்டமில்லை. ஸ்கேன் முடிந்ததும் கேட்டதை வாங்கிக் கொடுங்கள். என் மகள் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கேட்டாள். கவுன்ட் (ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) குறைந்திருந்த நேரம் அது, தெருக்கடை வேண்டாம் என்று வீட்டிலேயே நூடுல்ஸைப் பிரட்டிக் கொடுத்தோம். இது அத்தோவே இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சுகர் அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புள்ளைக்குச் சுகர் வியாதியும் வந்துடுச்சா?

பெரும்பாலும் இது மருந்தின் வேலை. ஹாட்ஜ்கின் கீமோவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், முகத்தையும் உப்ப வைக்கும். மாத்திரை நின்றதும் பெரும்பாலும் இறங்கிவிடும். சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்கேனைத் தள்ளி வைப்பார்கள். "ஒரு இன்சுலின் ஊசி போட்டு உடனே எடுத்துடுங்க" என்றால் ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு மேலே சொன்ன காரணமேதான்.

ஊசி போட்டுட்டு ஒரு மணி நேரம் அசையாம படுக்கணுமாம். நாலு வயசுப் புள்ள எப்படிப் படுக்கும்?

மருந்து உடம்பெல்லாம் பரவ அந்த ஒரு மணி நேரம் வேண்டும். ஓடினால் காலும், தேம்பி அழுதால் நெஞ்சும் கழுத்தும், வாயை மென்றுகொண்டே இருந்தால் தாடையும் மின்னும். அதனால் முதல் நாளே கிரிக்கெட், சைக்கிள் வேண்டாம். அடம்பிடிக்காத பிள்ளைக்குக் கதை போதும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு மெஷினில் படுக்கும் நேரத்துக்கு மட்டும் மயக்க மருந்து கொடுப்பது உண்டு.

இன்னொன்று, குளிர். பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகைக் கொழுப்பு குழந்தைகளுக்குக் கழுத்திலும் தோளிலும் இருக்கும். உடம்பு குளிர்ந்தால் சூடு உண்டாக்க அது சர்க்கரையை எரிக்கும். லிம்போமா நெறிக்கட்டி வருவதும் பெரும்பாலும் அதே கழுத்தில்தான் என்பதால் படம் படிப்பவருக்குக் குழப்பம். ஏசி அறையில் உட்கார வைப்பார்கள், ஆகவே சென்னை வெயிலில் கிளம்பும்போதும் ஸ்வெட்டரும் கம்பளியும் எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாங்க அரை மணி நேரம் லேட். அதுக்கு அவ்ளோ திட்டுறாங்க?

ஃபுளோரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். சேர்த்து வைக்க முடியாத மருந்து அது, கருவாட்டுக் கதை இங்கே நடக்காது. உங்கள் பிள்ளையின் எடைக்குக் கணக்குப் போட்ட அளவு, நீங்கள் வரும் வழியிலேயே தேய்ந்துகொண்டிருக்கிறது. எண்ணூர், மணலி பக்கமிருந்து வருபவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையை நம்பிக் கிளம்பாதீர்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ 2021 முதல் ஓடுகிறது, போகும்போது அதுதான் நிச்சயம். திரும்பும்போது வேறு கணக்கு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஸ்கேன் எடுத்துட்டு வந்த புள்ளைய கைக்குழந்தை கிட்ட விடலாமா? என் மச்சினி வேற முழுகாம இருக்கா.

அன்றைக்கு மட்டும் தள்ளி வையுங்கள். 110 நிமிடத்தில் பாதி, அடுத்த 110 நிமிடத்தில் அதில் பாதி என்று குறைந்து, ஒன்பது மணி நேரத்தில் நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சும். சிறுநீரிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, அடிக்கடி பாத்ரூம் அனுப்பி, நன்றாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டயபர் மாற்றினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எத்தனை மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும் என்பதைச் சென்டரில் சொல்லி அனுப்புவார்கள். திரும்பும் வழியில் கூட்டமான பஸ்ஸில் கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். முடிந்தால் ஆட்டோ.

கர்ப்பமாக இருக்கும் அம்மா துணைக்குப் போக வேண்டாம், அப்பாவோ பாட்டியோ போகட்டும். மற்றபடி பிள்ளையைத் தொடாமல், தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. இது ஒட்டுவாரொட்டி கிடையாது. மறுநாள் காலையில் எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்.

இவ்ளோ கதிர்வீச்சு ஏத்துறாங்களே, அதுவே நாளைக்குக் கேன்சர் கொண்டு வராதா?

நியாயமான பயம். மண், கல், வானம், சாப்பாடு என்று இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்கிறது. பெட் ஊசியால் கிடைப்பது சில வருட இயற்கைக் கதிருக்குச் சமம். கூட எடுக்கும் சிடி குறைந்த அளவில் எடுக்கப்பட்டதா, முழு அளவிலா என்பதைப் பொறுத்து மேலும் கூடும். குழந்தைகளுக்கு எடையை வைத்து மருந்தைக் குறைப்பார்கள்.

ஆபத்து பூஜ்யம் இல்லை, சிறியது. எதிர்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ரேடியேஷன் சிகிச்சையை. அது பெட் ஸ்கேனைப் போலப் பல நூறு, ஆயிரம் மடங்கு. அதைத் தவிர்க்க முடியுமா என்று சொல்வதே பெட்தான் என்பதால், இந்தச் சில்லறைச் செலவில் அந்தப் பெரிய செலவு மிச்சமாகலாம். அதே சமயம் காரணமில்லாமல் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் வீண் என்பேன். கடைசிக்கு முந்தின கேள்வியில் இதற்கு வருகிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருமா?

ஸ்கேன் தேதி வாங்கும் முன்பே, சிகிச்சை பார்க்கும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அப்ரூவல் வராமல் வெளியே பணம் கட்டிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு அலைவதுதான் நான் அதிகம் பார்க்கும் சோகம். அட்டையே இல்லாதவர்கள் வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, பொது மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் என்று நம் பக்கத்து ஜனங்கள் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். எங்கே போனாலும் அங்குள்ள சமூகப் பணியாளர் எந்த அறையில் இருக்கிறார் என்று முதல் நாளே தெரிந்து வையுங்கள்.

ரெண்டு கீமோதான் ஆயிருக்கு. அதுக்குள்ள எதுக்கு அவசரமா பெட்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பல பேர் இந்த ஸ்கேனை காலாண்டுப் பரீட்சை மாதிரி நினைக்கிறார்கள். டாக்டர்கள் இதில் தேடுவது மீதி வழியை எப்படி அமைப்பது என்பதை.

ஹாட்ஜ்கின் குழந்தைகள் நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஆகவே கேள்வி இப்போது வேறு: பிழைத்த பிள்ளை நாற்பது வயதில் எப்படி இருக்கும்? நெஞ்சில் ரேடியேஷன் வாங்கிய சிறுமிகளுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய், இரு பாலருக்கும் தைராய்டு, இதயக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் ரேடியேஷன் கொடுத்தால் தேவையில்லாதவர்களும் அந்த விலையைக் கட்டுகிறார்கள். யாருக்கும் கொடுக்காவிட்டால் சிலருக்கு நோய் திரும்பும்.

ஐரோப்பாவில் 2007 முதல் 2013 வரை 2,000-க்கும் அதிகமான குழந்தைகளைச் சேர்த்து யூரோநெட்-பிஎச்எல்-சி1 என்ற ஆய்வு நடந்தது. ஓஇபிஏ என்ற கீமோவை இரண்டு சைக்கிள் கொடுத்து பெட் எடுத்தார்கள். நோய் மருந்துக்கு நன்றாகக் கேட்டிருந்தால் ரேடியேஷன் இல்லாமலே மீதிக் கீமோவை முடித்தார்கள். அப்படி விடப்பட்ட இடைநிலை, முற்றிய நிலைப் பிள்ளைகளிலும் ஐந்து வருடம் கழித்து சுமார் 90 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். என் மகளுக்கும் இந்த ஸ்கேன் முடிவில்தான் ரேடியேஷன் வேண்டாம் என்றார்கள்.

ரிப்போர்ட்ல டோவில் 3-ன்னு போட்டிருக்கு. பாஸா, ஃபெயிலா?

பிரான்சில் டோவில் என்று ஒரு கடலோர ஊர். 2009-ல் அங்கே கூடிய டாக்டர்கள் உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் படிக்கலாம் என்று பேசி முடித்ததால் அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. (திருவொற்றியூரில் கூடியிருந்தால் நமக்கு வாயில் நுழைந்திருக்கும்.) பிள்ளையின் உடம்பிலேயே இரண்டு அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள்: நெஞ்சின் நடுவே பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தம், அப்புறம் கல்லீரல். கல்லீரல் ரத்தத்தை விடச் சற்று அதிகம் மின்னும்.

பழைய கட்டி இருந்த இடத்தில் மினுக்கமே இல்லை என்றால் 1. ரத்தத்தின் அளவுக்குள் என்றால் 2. ரத்தத்தைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டாவிட்டால் 3. கல்லீரலை விட ஓரளவு அதிகம் என்றால் 4. மிக அதிகம் என்றாலோ, புதிய இடத்தில் நோய் முளைத்திருந்தாலோ 5. 'எக்ஸ்' என்று போட்டிருந்தால், புதிதாக ஏதோ மின்னுகிறது, ஆனால் லிம்போமா மாதிரி தெரியவில்லை என்று பொருள்.

1, 2 நல்லது. 4, 5 என்றால் யோசிக்க வேண்டும். 3 நடுவில் நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் அதை நல்ல பதிலாகவே எடுக்கிறார்கள், ஆனால் சிகிச்சையைக் குறைப்பதா என்று முடிவெடுக்கும்போது சில திட்டங்கள் கூடுதலாக ஜாக்கிரதை காட்டும். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் கோடு கடுமையாக இருந்தது. அதற்கு அடுத்து வந்த ஆய்வில் 4-லிருந்துதான் போதாத பதில் என்று வைத்தார்கள். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது: "எங்க பிள்ளைக்கு எந்தத் திட்டம், அதுல 3-ஐ எப்படி எடுக்கிறீங்க?"

எஸ்யூவி எங்களுக்கு 3.4, பக்கத்துக் கட்டில் பையனுக்கு 2 தான். நாங்க பின்தங்கியிருக்கோமா?

எஸ்யூவி என்பது ஓரிடம் எவ்வளவு மருந்தை இழுத்தது என்று எடைக்குத் தக்கபடி போடும் கணக்கு. மெஷின் மாறினால், ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம் மாறினால், அன்றைய சர்க்கரை மாறினால் அந்த எண்ணும் மாறும். பக்கத்துப் பையனோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் பிள்ளையின் முதல் ஸ்கேனோடுதான் ஒப்பிட வேண்டும், அதற்கும் முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுப்பது நல்லது. ரூபாய் ஆயிரம் குறைவு என்று வேறு சென்டருக்கு மாறும் முன் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

கட்டி இன்னும் 3 சென்டிமீட்டர் இருக்குதாம். ஆனா முழுசா குணம்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

நெருப்பு அணைந்தபின்னும் அடுப்பில் கரியும் சாம்பலும் மேடாகக் கிடக்கும் இல்லையா, அப்படித்தான். ஹாட்ஜ்கின் கட்டியில் நோய் செல்கள் கொஞ்சம்தான், சுற்றி இருக்கும் நாரும் மற்ற செல்களுமே அதிகம். செல் செத்தாலும் நார் உடனே கரையாது. சிடியில் மேடு தெரிந்து பெட்டில் மினுக்கம் இல்லாவிட்டால் 'கம்ப்ளீட் மெட்டபாலிக் ரெஸ்பான்ஸ்' என்று எழுதுவார்கள். அது நல்ல சேதி. சாம்பலுக்குள் ஒரு பொறி கூட இல்லை என்று எந்த ஸ்கேனும் சத்தியம் செய்யாது. அதனால்தான் மினுக்கம் போனபின்பும் மீதிக் கீமோவை முடிக்கிறார்கள். "சுத்தமாயிடுச்சே, நிறுத்திடலாமே" என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

நெஞ்சு, இடுப்பு, தொடைன்னு எலும்பு பூரா மின்னுது. எலும்புக்குப் போயிடுச்சா?

கீமோவுக்குப் பின் கவுன்ட் ஏற்றும் ஊசி போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். அந்த ஊசி எலும்பு மஜ்ஜையை விரட்டி வேலை வாங்கும். மஜ்ஜை முழுக்க ஒரே சீராகப் பரவி மின்னினால் பெரும்பாலும் அதுதான் காரணம். நோய் என்றால் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளியாகத் தெரிவது வழக்கம். எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று சென்டரில் சொல்லுங்கள், ரிப்போர்ட் எழுதுபவருக்கு அது தெரியாமல் போய்விடுகிறது. அதே மாதிரி எஃப்டிஜி ஊசி கையில் கசிந்திருந்தாலும், சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்தப் பக்கத்து அக்குளில் மினுக்கம் வரும்.

கீமோ முடிஞ்ச அடுத்த வாரமே எடுத்துட்டா நிம்மதியா இருக்குமே?

நிம்மதிக்குப் பதில் குழப்பம்தான் மிஞ்சும். மருந்து பட்ட இடம் புண் ஆறுவது போல அழன்று கிடக்கும், அந்த அழற்சியும் சர்க்கரை தின்னும். கடைசிக் கீமோவுக்குப் பின் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் விடுவார்கள். ரேடியேஷன் கொடுத்திருந்தால் ஏறக்குறைய மூன்று மாதம். நடுவில் எடுக்கும் ஸ்கேனை அடுத்த சைக்கிள் தொடங்கும் நாளுக்கு நெருக்கமாக வைப்பதும் இதற்காகத்தான்.

எல்லாம் முடிஞ்சு அஞ்சு மாசம். இப்போ நெஞ்சு நடுவுல புதுசா மின்னுதுன்றாங்க. திரும்பிடுச்சா?

தைமஸ் என்று ஒரு சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுருங்கிவிடும், குழந்தைகளுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கீமோவில் அது வாடிப்போய், சிகிச்சை முடிந்ததும் மழைக்குப் பின் புல் மாதிரி மறுபடி துளிர்க்கும், முன்பை விடப் பெரிதாகக் கூட. அப்போது நன்றாக மின்னும். பார்ப்பதற்கு முக்கோணமாக, அல்லது தலைகீழ் 'வி' போல இருக்கும். அனுபவமுள்ள அணு மருத்துவர் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடுவார். சந்தேகம் தீராவிட்டால் சில வாரம் விட்டுப் பார்ப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

டிபி இருந்தாலும் மின்னுமாமே? எங்க தெருவுலயே ரெண்டு பேருக்கு டிபி.

மின்னும், லிம்போமா அளவுக்கே மின்னும். பெட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நெருக்கமான வீடுகள் உள்ள நம் பகுதியில் இதை மறக்கவே கூடாது. வீட்டில், பக்கத்தில் யாருக்காவது டிபி என்றால் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைக்கு வந்த ஓர் அம்மா, மகனின் சிகிச்சை முடிந்தபின் கழுத்தில் புதிய மினுக்கம் என்ற ரிப்போர்ட்டை நகல் எடுக்கும்போதே அழுதுவிட்டார். ஊசி வைத்து எடுத்த சதையில் டிபி என்று வந்தது. ஆறு மாத மாத்திரையில் சரியாயிற்று. "டிபின்னு கேட்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தாண்ணா" என்றார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது: கழுத்துக் கட்டியைச் சதை எடுத்துப் பார்க்காமலே டிபி மாத்திரை கொடுத்து, மாதக்கணக்கில் போனபின் லிம்போமா என்று தெரிந்து வருகிறவர்கள்.

எங்க புள்ளைக்கு ஹாட்ஜ்கின் இல்ல, பர்க்கிட். அதே கணக்குதானா?

இல்லை. மேலே சொன்ன இரண்டு சைக்கிள் பெட், ரேடியேஷன் தவிர்ப்பது எல்லாம் ஹாட்ஜ்கினுக்கு. பர்க்கிட் லிம்போமாவில் இன்னொரு வகை, ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும் வேகம் உள்ளது. அதற்குக் குறுகிய, கடுமையான கீமோ. லிம்போபிளாஸ்டிக் வகைக்கு ரத்தப் புற்றுநோய் போலவே இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை, அங்கே மஜ்ஜைப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம். இந்த வகைகளில் பெட்டை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்கு ஹாட்ஜ்கின் அளவு ஆதாரம் இல்லை. மினுக்கம் இல்லாவிட்டால் தைரியம் தரும். மினுக்கம் இருந்தால், அதை மட்டும் நம்பி மருந்தை மாற்றாமல் சதை எடுத்து உறுதி செய்வதே முறை.

டோவில் 5 வந்திருக்கு. அவ்ளோதானாண்ணா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை முதலில் ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். ஐந்து வந்தால் அடுத்த கேள்வி, அது உண்மையில் லிம்போமாதானா? டிபி, வேறு தொற்று, அழற்சி, தைமஸ் என்று மேலே சொன்ன எல்லாவற்றையும் டாக்டர் ஒவ்வொன்றாக விலக்குவார். மினுக்கம் இல்லை என்கிற பெட்டை நம்பலாம். மின்னுகிறது என்கிற பெட்டைச் சந்தேகப்பட்டுத்தான் படிக்க வேண்டும். அதனால்தான் இரண்டாம் கட்ட மருந்துக்குப் போகும் முன் முடிந்தால் சதை எடுக்கச் சொல்கிறார்கள்.

அது நோயேதான் என்று வந்தாலும் கதவு மூடவில்லை. ஹாட்ஜ்கினில் வேறு கீமோ, பிரென்டுக்ஸிமாப், நிவோலுமாப் போன்ற புதிய மருந்துகள், தன் ஸ்டெம் செல்லையே திருப்பி ஏற்றும் சிகிச்சை, ரேடியேஷன் என்று வழிகள் உண்டு, அதில் குணமாகிறவர்களும் கணிசம். செலவும் அலைச்சலும் கூடும், அதை மறைக்க மாட்டேன். அந்த வாரமே லிம்போமாவில் அனுபவமுள்ள இன்னொரு குழந்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

வருஷா வருஷம் ஒரு பெட் எடுத்துப் பார்த்துட்டா மனசு நிம்மதிதானே? பணம் நான் கட்டுறேன்.

நானும் இதையே கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டார். நோய் தணிந்தபின் அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு வழக்கமாக பெட் எடுப்பதை லிம்போமாவுக்காக மருத்துவர்கள் வகுத்து 2014-ல் வெளியான லுகானோ பரிந்துரைகளும் வேண்டாம் என்கின்றன. தைமஸ், சளி, டிபி, பழுப்புக் கொழுப்பு என்று மின்னக்கூடியவை நிறைய, அதில் ஒன்று மின்னினாலும் ஆபரேஷன் வரை இழுத்துவிடும். திரும்பும் நோயில் பெரும்பகுதி கட்டி, காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் என்று வெளியே தெரிந்தோ, டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தோதான் பிடிபடுகிறது. ஆகவே செக்கப் நாளைத் தவறவிடாதீர்கள். அந்தப் பணத்தில் அன்றைக்கு லீவு போட்டு ஆட்டோவில் போய் வாருங்கள்.

பழைய சிடி எல்லாம் பரண்ல கிடக்குது. தூக்கிப் போட்டுடலாமா?

இங்கே வார்த்தையே தகராறு. ஸ்கேனும் சிடி, அதைப் பதிந்து கொடுக்கும் வட்டத் தகடும் சிடி. டாக்டர் "பழைய பெட் சிடி கொண்டு வாங்க" என்றால் பல பேர் காகித ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறார்கள். அவர் கேட்பது தகட்டை. புதிய படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடியும், ரிப்போர்ட்டில் எழுதிய வரிகள் அதற்குப் போதாது. ஒவ்வொன்றையும் பெயர், தேதி எழுதிய கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். பரண் வெக்கையில் தகடு கெட்டுப் படம் திறக்காமல் போவதுண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள், பென்டிரைவில் ஒரு நகல் போட்டுத் தருகிறேன்.